காப்பும் கப்பலும்

ஆண்டியப்பன் வீட்டுக் கூடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு குடும்பத்தின் கௌரவம் அப்படித்தான் கெடுகிறது.

வீட்டுக்குடையவர் ஆண்டியப்பன் இருந்தார். அவர் மனைவி அழகம்மாள் இருந்தாள். புதுக்கோட்டையில் டீச்சராக இருக்கும் மகள் இளமதி, பெட்டிகளை எடை பார்க்கக் கொக்கித் தராசோடு வந்திருந்தாள். முத்துமாரி கோயில் பூசாரி ராசுவும் அவர் மனைவி மருதாயியும் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பங்காளி உடையப்பன் ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளேயும் மறு காலை வெளியேயும் வைத்து நின்றார். உள்ளே இருந்த காலுக்காக அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பாவையும் அம்மாவையும் உல்லாசக் கப்பலில் அனுப்பி வைக்க டிக்கெட் எடுத்திருந்த மகன் அரவிந்த்குமார் ஜெர்மனியிலிருந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். வேறு ஒருவரும் இல்லை.

"அப்பா, இங்க பனி முழங்கால் மட்டும் கெடக்கு. ஆனா கப்பல் போற எடத்துல நம்மூரு தை மாசம் மாதிரி இதமா இருக்கும். ஆப்பிரிக்காவுக்கு மேக்கே, அட்லாண்டிக் கடல்ல, எல்லாம் எரிமலைத் தீவு. கேனரித் தீவுகள்னு பேரு. தீவுக்குத் தீவு எறங்கி ஏறலாம்."

"எரிமலைன்னா இப்பவும் எரியுதாடா?"

"ஒரு தீவுல தரையைக் கொஞ்சம் தோண்டுனாலே சுடும்ப்பா. குழியில காஞ்ச செடியைப் போட்டாத் தானாப் பத்திக்கும். அந்தச் சூட்டுலயே கோழி சுட்டுத் தர்றாங்க."

ஆண்டியப்பன் நிலைப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"இளமதி, சத்தத்தைக் கூட்டி வையி. ஒஞ் சித்தப்பனுக்குக் காதுல விழுகலை போல."

"எனக்கு நல்லாவே விழுகுதுண்ணே" என்றார் உடையப்பன்.

விழ வேண்டும் என்பதுதான் ஆண்டியப்பனின் ஆசை. போன வருஷம் உடையப்பன் தன் மகன் விக்ரமோடு துபாய் போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு ஊரில் எந்தப் பேச்சு எடுத்தாலும் அது துபாயில் போய் முடிந்தது. மழை இல்லை என்றால், துபாயில் மழையே இல்லாமல் எப்படி இருக்கிறார்கள் என்பார். மழை பெய்தால், துபாயில் பெய்த மழையைச் சொல்லுவார். மூத்த கிளையில் பிறந்த ஆண்டியப்பன் இதையெல்லாம் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குக் காலம் வந்திருந்தது. துபாய் என்ன துபாய்? அட்லாண்டிக்!

"கப்பல்ல மொதப் பந்தி எத்தனை மணிக்குடா?" என்று கேட்டார்.

"பந்தியெல்லாம் இல்லப்பா. நாள் பூரா சாப்பாடு இருக்கும். அவங்கவங்க தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணும்."

"வரிசையிலயா? யாருக்குப் பின்னாடி?"

புடவை மடித்துக்கொண்டிருந்த அழகம்மாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி மடிக்கத் தொடங்கியது.

போன் வைத்த பிறகு பூசாரி ராசு தொண்டையைச் செருமிக்கொண்டு தாம்பாளத்தை முன்னால் நகர்த்தினார்.

"அய்யா, இந்த வருசம் திருவிழாவைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கு. பிள்ளைகளுக்குப் பரீட்சை வருதுல்ல. வார செவ்வாக்கெழமை சாயங்காலம் ஆத்தாளுக்குக் காப்புக் கட்டு. வழக்கம்போல நீங்கதான் முன்னால நின்னு பரிவட்டம் கட்டிக்கிறணும்."



செவ்வாய்க்கிழமை காப்பு. புதன்கிழமை திருச்சியிலிருந்து விமானம். இதில் என்ன சங்கடம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது ஊரில் இருப்பவர்கள், திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே படுக்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் ஊர் திரும்பிவிட வேண்டும். அட்லாண்டிக் கடலிலிருந்து பொழுது சாய்வதற்குள் வேலங்குடிப்பட்டிக்குத் திரும்ப எந்த பஸ்ஸும் கிடையாது.

காப்புக் கட்டுவதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டால் தோஷமில்லை. ஆனால் அன்றைக்குப் பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் திருநீறு வாங்க வேண்டியவர் ஆண்டியப்பன். அவர் பாட்டனார் காலம் தொட்டு அந்தப் பட்டுத்துணி வேறு கிளைத் தலையில் ஏறியதில்லை. அவர் நிற்காவிட்டால் அடுத்த தலை, நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த அந்தத் தலைதான்.

"அண்ணனுக்குத் தோதுப்படாதோ?" என்று அந்தத் தலை கேட்டது. "பொதங்கெழமைதான பிளேன்? ஒண்ணும் கவலைப்படாதீக. நீங்க இல்லாட்டி நான் ஒத்தாசைக்கு நிக்கிறேன்."

"ஏன் தோதுப்படாது?" என்றார் ஆண்டியப்பன், முதுகு நிமிர்ந்து. "இதைவிடத் தோதான தேதி கெடைக்குமா?"

ராசுவின் முகம் மலர்ந்தது. "அதாங்கய்யா, நாங்களும் தேதி வைக்கிறப்ப வீட்டுல ஒரு வார்த்தை..."

"சரி சரி. வெத்தலையை வையி. ஆத்தா காரியத்துக்கு என்ன விளக்கம் வேண்டிக்கெடக்கு?"

வெற்றிலையை வாங்கிக்கொண்டு, வந்தவர்களை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"உடையப்பன் வேலை! அவனேதான்! மாசிக் கடைசியில நடக்குற திருவிழாவை மாசி மொதல்ல கொண்டாந்து வச்சிருக்கான் பாரு!"

"பூசாரியைக் கூப்பிட்டு யாரு வச்சதுன்னு கேட்டுட்டாப் போகுது, அப்பா" என்றாள் இளமதி.

"நான் போயிக் கேக்குறதா?" என்று அதிர்ந்தார்.

"அது எப்புடி இளமதி?" என்றாள் அழகம்மாள். "தேதி என்னைக்குன்னு இவுக போயி ஒருத்தன்கிட்ட வெசாரிச்சா இவுக மதிப்பு என்னத்துக்காகுறது?"

மனைவிக்கு இருக்கும் விவரம் மகளுக்கு இல்லையே என்று ஆண்டியப்பன் வருத்தப்பட்டார்.

முதல் வேலையாக பஸ் ஸ்டாப்பில் இருந்த பிளெக்ஸ் பேனரை அப்புறப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. பிளெக்ஸ் கடை சூர்யபிரகாஷ், ஆண்டியப்பன் கேட்காமலே, ஒரு அன்பில் வைத்தது அது. 'அட்லாண்டிக்கை வலம் வரப் புறப்படும் எங்கள் குலவிளக்கே, வருக, வெல்க!' என்று எழுதி, ஆண்டியப்பனின் வாக்காளர் அட்டைப் படத்துக்குப் பின்னால் ஒரு கப்பலைப் போட்டிருந்தான். அவசரத்தில் கிடைத்த கப்பல். முன்பக்கம் பீரங்கி இருந்தது.

பேனர் இல்லாவிட்டால் பயணமும் மெல்ல ஊர் மறந்துவிடும், போகாவிட்டாலும் கேள்வி வராது என்று கணக்குப் போட்டு, மறுநாள் விடிந்தும் விடியாமலும் தாமே போய்க் கயிற்றை அவிழ்த்தார். சுருட்டி மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தார்.

பத்து மணிக்கு சூர்யபிரகாஷ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பெரியப்பா! ஒங்க பேனரைக் கிழிச்சு எறிஞ்சுட்டானுக! எனக்குத் தெரியும் யாரு வேலைன்னு. துபாய்க்காரக வேலை!"

"விடப்பா, காத்துல விழுந்திருக்கும்."

"காத்தாவது! நீங்க பெரிய மனுசன், விட்டுக்குடுப்பீக. நாங்க விடுவமா? ரெண்டு வச்சாச்சு பெரியப்பா. பஸ் ஸ்டாப்புல ஒண்ணு, கீரனூர் ரோட்டு முக்குல ஒண்ணு. ஒங்க தலையில கேப்டன் தொப்பி வச்சிருக்கேன். வந்து பாருங்க, கும்பிடத் தோணும்!"

இப்போது அவர் கப்பல் ஏறப்போவது கீரனூர் போகும் பஸ்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

மத்தியானம் மகனுக்குப் போன் போட்டார்.

"அரவிந்து, கப்பலை ஒரு பத்து நாளு தள்ளி எடுக்கச் சொல்ல முடியுமா?"

"அப்பா, அதுல ரெண்டாயிரம் பேரு வர்றாங்கப்பா!"

"நம்ம வீட்டுல விசேசம்னு சொல்லிப் பாரேன்."

அரவிந்த்குமார் பெருமூச்சு விட்டான். "ஒண்ணு செய்யலாம். கப்பல் சனிக்கெழமை கெளம்பி அடுத்த சனிக்கெழமை வரைக்கும் தீவைச் சுத்தும். திருவிழா அடுத்த செவ்வாக்கெழமையோட முடிஞ்சிருமா? அப்ப ராத்திரியே பிளேன் ஏறுனீங்கன்னா, நடுவுல ஒரு தீவுல வந்து ஏறிக்கலாம். கேட்டுப் பாக்குறேன்."

ஆண்டியப்பனுக்கு மார்பு விம்மியது. பரிவட்டமும் உண்டு, எரிமலையும் உண்டு! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு, நேரே கோயிலுக்குப் போனார். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடையப்பன் மூங்கில் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ராசு, அடுத்த செவ்வாக்கெழமை பால்குடம் முடிஞ்ச கையோட காப்பை அவுத்துரணும், என்ன? ஒரு நாழிகை முன்னப்பின்ன ஆகக் கூடாது. மொறைன்னா மொறைதான்."

ராசு தலையாட்டுவதற்குள் உடையப்பன் மூங்கிலைக் கீழே வைத்தார்.

"அண்ணன் ஏன் இம்புட்டு அவசரப்படுத்துறாக? ஆத்தாளைவிட பிளேன் பெருசாப் போச்சோ?"

பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு அவசரப்படுத்துறது?" என்றார் ஆண்டியப்பன். காது மடல் சிவந்துவிட்டது. "நானா? நல்லாக் கேட்டுக்கங்கப்பா எல்லாரும். பால்குடத்தோட முடிக்கிறது பத்தாதுங்கிறேன். இந்த வருசம் இன்னும் ரெண்டு நாளு கூட நடக்கட்டும். அந்த மண்டகப்படி, அன்னதானம், எல்லாம் என் வீட்டுது! காப்பை வியாழக்கெழமை அவுத்தாப் போதும்!"

பந்தல்காரர்கள் கைதட்டினார்கள். ராசு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆண்டியப்பன் தலை நிமிர்ந்து நடந்து தெரு முனை திரும்பியதும், அங்கிருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கப்பலைத் தம் வாயாலேயே கடலில் அமுக்கிவிட்டு வந்திருந்தார்.

வீட்டில் அழகம்மாள் கேட்டபடியே கீரை ஆய்ந்தாள். அவள் கட்டுமாவடிப் பக்கம் பிறந்தவள். வலை காயும் வாசனையில் வளர்ந்தவளை வயலும் தோப்பும் பார்த்து இங்கே கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கடலைப் பார்த்தது, ராமேஸ்வரத்தில் மாமனாருக்குத் திதி கொடுத்தபோதுதான். அப்போதும் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளும் நேரம்தான்.

"நீங்க செஞ்சதுதாங்க சரி" என்றாள். "ஒடையப்பன் முன்னாடி எறங்கிப் போக முடியுமா?"

"முடியாதுல்ல?"

"முடியவே முடியாது."

அந்த ஆறுதலில் அவருக்கு மூளை மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை விடியும்போது ஒரு வழி பளிச்சென்று வந்துவிட்டது. வந்த வேகத்தில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ராத்திரி ஊர் மண்ணில் படுக்க வேண்டும் என்பதுதானே வழக்கம்? ஊர் மண்ணைக் கூடவே கொண்டுபோய்விட்டால்? கப்பலில் கட்டிலுக்கு மேல் பரப்பி, அதன்மேல் துப்பட்டியை விரித்துப் படுத்தால், அவர் படுத்திருப்பது அட்லாண்டிக்கிலா, வேலங்குடிப்பட்டியிலா? அன்னதானத்துக்கு அரிசி பருப்பு போதும், ஆள் எதற்கு?

"அப்பா, மண்ணு மூட்டையோட ஏர்போர்ட்டுக்குப் போனா ஒங்களைத் தனி ரூம்ல ஒக்கார வச்சிருவாங்க" என்றாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த இளமதி.

"விபூதின்னு சொல்லுவோம்."

"ஒரு மூட்டை விபூதியா?"

"நமக்கு பக்தி ஜாஸ்தின்னு நெனச்சுக்கட்டுமே!"

மண்வெட்டியும் ஒரு அரிசிச் சாக்குமாகக் கிளம்பினார். எந்த மண்ணையாவது அள்ளினால் போதாது. எல்லை மண்ணாக இருந்தால்தான் யாரும் குறை சொல்ல முடியாது. கோயிலுக்குப் பின்புறம் ஊர் எல்லைக்கல் இருந்தது. கல்லுக்கு இந்தப்பக்கம் கோயில் புறம்போக்கு. அந்தப்பக்கம் உடையப்பனின் கடலைக் கொல்லை. குனிந்து பத்து வெட்டுப் போட்டிருப்பார். பின்னால் டிவிஎஸ் வண்டி உறுமி நின்றது.

"அண்ணே! எல்லைக்கல்லைத் தோண்டுறீகளா?"

"கல்லைத் தொடலை. மண்ணுதான் எடுக்குறேன்."

"எங் கொல்லையை ஒட்டி எதுக்கு மண்ணு எடுக்குறீக?"

ஆண்டியப்பன் வாயைத் திறந்தார். கப்பலில் பரப்பிப் படுக்க என்று சொல்ல முடியுமா? மூடிக்கொண்டார்.

"ஏய் எல்லாரும் வாங்கப்பா!" என்று உடையப்பன் கத்தினார். "இங்கிட்டு வந்து பாருங்க! காப்புக் கட்டுற அன்னைக்கு எல்லைக்கல்லைத் தோண்டுறாக! மொதத் திருநீறு வாங்குற கையி, மண்வெட்டி பிடிச்சு நெலத்தை நகட்டப் பாக்குது!"

பந்தல்காரர்கள் வந்தார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையில் மாவோடு வந்தார்கள். சூர்யபிரகாஷ் செல்போனை உயர்த்தி வீடியோ எடுத்தான். ஆண்டியப்பன் குடும்பத்தில் யார் மீதும் இதுவரை ஒரு சாண் நிலத்துக்குப் பேச்சு வந்ததில்லை. பரிவட்டமே பறிபோகும் நிலை. அவர் சாக்கை இறுகப் பிடித்தபடி நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அழகம்மாள் வந்தாள். ஊருக்குப் போகிற பட்டுப்புடவையும் புதிதாக வாங்கிய வெள்ளை ஷூவுமாக இருந்தாள்.

"என்ன கூட்டம் இங்க? அவுக முளைப்பாரிக்கு மண்ணு எடுக்க வந்தாக."

"முளைப்பாரிக்கா?" என்றாள் மருதாயி. "பொம்பளைக வேலையாச்சே அக்கா!"

"வருசா வருசம் நான்தான் எடுப்பேன். இந்த வருசம் நான் இருக்க மாட்டேன்ல. காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி எளமதி வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு பிளேன் ஏறுறேன். ஆத்தாளுக்குக் கொறை வச்சிரக் கூடாதுன்னு அவுகளே மண்வெட்டியைத் தூக்கிட்டாக."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"அப்ப அண்ணன்?" என்றார் உடையப்பன். "அண்ணன் கப்பலுக்குப் போகலையா?"

எல்லாக் கண்களும் ஆண்டியப்பன் மேல் திரும்பின. அவர் அழகம்மாளைப் பார்த்தார். அவள் பவ்யமாகத் தலையைக் குனிந்திருந்தாள். அவர் சாக்கைப் பார்த்தார். சூர்யபிரகாஷின் செல்போனைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை ஊன்றி, பரிவட்டம் ஏற்கெனவே தலையில் இருப்பது போல நிமிர்ந்தார்.

"கப்பலா? எங்க குடும்பத்துல பொறந்தவன் ஆத்தாளை இங்கிட்டு விட்டுட்டு அட்லாண்டிக்குக்குப் போவானா? அது யாரு சொன்னது? போறது எம் பொண்டாட்டி! நான் அனுப்பி வைக்கிறேன்! நான் ஆத்தாளுக்குக் காவலா இங்க நிக்கிறேன்!"

"ஓம் சக்தி!" என்று ஒருவர் கத்தினார். மேளக்காரர்கள் கையில் மேளம் இருந்ததால் அடித்துவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். உடையப்பன் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு மேல் எல்லாம் வேகமாக நடந்தது. அழகம்மாளின் பெட்டியில் பாக்கி எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்தே பூட்டித்தான் இருந்தது. கப்பல் அறையில் துணைக்கு யார் என்ற கேள்விக்கும் விடை தயாராக இருந்தது: மருமகள் வைஷ்ணவியின் அம்மா பிரகதாம்பாள், பேரக்குழந்தையைப் பார்க்க ஜெர்மனியில்தான் இருந்தாள். வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. ஆண்டியப்பன் திருநீறு பூசிவிட்டார்.

"தனியாப் போறோமேன்னு பயப்படாத."

"பயப்படலீங்க."

"வரிசையில நிக்கச் சொன்னா, நாம யாருன்னு சொல்லு."

"சொல்றேங்க" என்றாள் அழகம்மாள். கார் கிளம்பும்போது கையை வெளியே நீட்டி அசைத்தாள். ஊருக்குப் புதுப்பெண்ணாக வந்தபோதுகூட அவள் அப்படிக் கை அசைத்ததில்லை.

அன்று சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். ஆண்டியப்பன் தலையில் பரிவட்டம் ஏறியது. சூர்யபிரகாஷ் இரண்டு பேனர்களையும் மாற்றியிருந்தான். 'அன்னைக்காக அட்லாண்டிக்கைத் துறந்த அண்ணலே!' கேப்டன் தொப்பியை எடுக்க நேரமில்லாமல் அதன்மேல் பரிவட்டத்தை ஒட்டியிருந்தான்.

பால்குடம் நன்றாக நடந்தது. அதற்கு இரண்டாம் நாள், வியாழக்கிழமை, அவர் வாய் தவறி வாங்கிக்கொண்ட அன்னதானமும் வந்தது. பந்தலில் முதல் பந்தி உட்காரவே சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. ஆண்டியப்பன் தலைப்பரிவட்டத்தோடு நடுநாயகமாக உட்கார்ந்து, ஊர் தம்மைப் பார்க்கட்டும் என்று இலையில் கை வைக்காமல் இருந்தார். அந்த நேரம் பார்த்து இளமதியின் செல்போன் அடித்தது.

"அம்மா! வீடியோல வந்திருக்கு!"

திரையில் கரியும் சிவப்புமாக மலை. சுட்டுத் தீர்ந்த செங்கல் சூளையை ஊர் முழுக்கக் கவிழ்த்தது போல. அதற்குப் பின்னால் நம்ப முடியாத நீலத்தில் கடல். நடுவில் ஒரு ஒட்டகம். ஒட்டகத்தின் ஒரு பக்கத்து நாற்காலியில் பிரகதாம்பாள் கண்ணை மூடி சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மறு பக்கத்து நாற்காலியில் அழகம்மாள்.

"எளமதி, இங்க பாருடி! மண்ணு பூரா கறுப்பு! செடிக்கு ஒரு குழி வெட்டி, சுத்தி அரைவட்டமாக் கல்லு அடுக்கி, குழிக்குள்ள திராட்சைக் கொடி வச்சிருக்காக! மழையே இல்லையாம், சாம்பல் ஈரத்தைப் பிடிச்சுக் குடுக்குதாம்! முந்தாநாள் எறங்குன தீவுல வாழைத் தோப்பு, நம்ம தோப்பு மாதிரியே! நேத்து கடல்ல எறங்குனேன்டி! கழுத்து மட்டும்!"

"அம்மாடி, ஒட்டகம்!" என்று ஒரு குழந்தை கத்தியது. அவ்வளவுதான். முதல் பந்தி எழுந்து செல்போனைச் சுற்றிக்கொண்டது. இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள் தோள்மேல் ஏறினார்கள். பரிவட்டத்தைப் பார்க்க ஒருவரும் மிச்சமில்லை. ஆண்டியப்பன் எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒனக்கு எடம் முன்னால குடுத்தாகளா, பின்னாலயா?" என்று கூட்டத்துக்கு மேலாகக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு நாக்காலி தொங்குதுங்க. இதுல முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல!" என்று அவள் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பு யாரும் கேட்டறியாதது. ஒட்டகம் எழுந்தது, கடல், வானம், மலை எல்லாம் சாய்ந்தன, "ஆத்தாடீ!" என்ற சந்தோஷக் கூச்சலோடு திரை அணைந்தது.

ஊர் கைதட்டியது. எல்லாரும் சிரித்தபடி இலைக்குத் திரும்பினார்கள். அந்தச் சிரிப்பு ஆண்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பாத்திருக்க வேண்டியது" என்று பொதுவாகச் சொன்னார். "விதி."

"விதி இல்ல பெரியப்பா, சதி!" என்றான் சூர்யபிரகாஷ், வாயில் அப்பளத்தோடு. "மாசிக் கடைசித் திருவிழாவை இழுத்து முன்னாடி வச்சது யாருன்னு ஊருக்கே தெரியும். ஒங்களைக் கப்பலேற விடாமப் பண்ணது துபாய்க்காரகதான்."

"அப்புடித்தான் டீக்கடையிலயும் பேசிக்கிறாக" என்றார் ஒரு பந்தல்காரர்.

பரிமாறிக்கொண்டிருந்த உடையப்பன் கையிலிருந்த கூட்டு வாளியைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆத்தா மேல சத்தியமாச் சொல்றேன். தேதி வச்ச கூட்டத்துக்கு நான் வரவே இல்ல. ஊரு முடிவுன்னாக, சரின்னேன். அண்ணனுக்கு நான் அப்புடிச் செய்வனா?"

ஆண்டியப்பன் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார்.

"விடுங்கப்பா. யாரு செஞ்சதுன்னு நான் கேக்கலை. செஞ்சவங்களை நான் மன்னிச்சாச்சு. பங்காளிக்குள்ள பகை வேணாம்."

சாம்பார் வாளியோடு வந்த மருதாயி அவர் இலைக்கு முன்னால் நின்றாள்.

"இதென்னங்கய்யா புதுக் கதை? மொத மருவாதை வீட்டைக் கேக்காம ஊரு தேதி வைக்குமா? நான்தான் ஒங்க வீட்டுக்கு வந்து கேட்டேன். அழகம்மாக்காதான், பொதங்கெழமை பிளேனு, செவ்வாக்கெழமையே காப்பைக் கட்டி அவுகளை ஊருல நிப்பாட்டிப்புடுங்க, அவுகளும் வந்தா கப்பல்லயும் மொத மருவாதை கேப்பாகன்னு சொன்னாக."